குளவிக் கூட்டில் வருணாசிரமமா?

ஒரு சிற்றூரில் இருக்கும் நமது தோழர் ஒருவர் நமக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதி இருக்கின்றார். அதைப் படித்த பிறகு, இந்த வாரம் எழுத எண்ணியிருந்த மற்றச் சங்கதிகளை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டுக் குளவியைப் பற்றி எழுத வேண்டியவர்களாகி விட்டோம். "சுயமரியாதைப் பத்திரிகைக்கும் குளவிக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் நினைக்கக்கூடும். கடிதத்தின் விவரம் தெரிந்தால் அப்படி நினைக்க மாட்டார்கள் என்றே நம்புகின்றோம்.

அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயர்களாக இருக்கும் ஒரு வாலிபரும் ஒரு பெண்ணும் ஒருவரை ஒருவர் விரும்பி, சுயமரியாதைத் திருமணம் செய்துகொள்வதென்று முடிவு செய்தார்கள். இருவரும் வெவ்வேறு ஜாதியில் பிறந்தவர்கள். பெண்ணின் தகப்பனார் நமது இயக்கத்திடம் வெகு நாளாய் அனுதாபம் உள்ளவர். கோவிலுக்குப் போவதை விட்டவர். தம் வீட்டில் திதி திவசத்தை நிறுத்தினவர். ஆகவே அவர் தடை ஒன்றும் சொல்லாமல் சம்மதித்து, நாளும் குறித்தாய்விட்டது. இந்தச் சமயத்தில் ஊர்த் திருவிழாவுக்கு அய்ந்து இரவு கதை சொல்ல ஒரு பிரசங்கியார் வந்து சேர்ந்தார். மூன்றாம் இரவு அவர் கதையைச் சற்று நிறுத்திவிட்டு "விஞ்ஞானம்" பேச ஆரம்பித்தாராம். ஒலிபெருக்கியின் தயவால் கோவிலுக்குப் போகாதவர் காதிலும் அது தப்பாமல் விழுந்தது.

அவர் பேசியதன் சாரம் இது: "ஜாதியை மனிதன் உண்டாக்கினான் என்று சிலர் பிதற்றுகிறார்கள். உங்கள் வீட்டு இறவாணத்தில் தொங்கும் குளவிக் கூட்டைப் பாருங்கள். அங்கே ராணி பிறக்கும்போதே ராணி. வேலைக்காரி பிறக்கும்போதே வேலைக்காரி. வேறு கூட்டுக் குளவி வந்து உட்கார்ந்தால் பிறப்பை மோந்தே கண்டுபிடித்துக் கடித்துத் துரத்துகின்றன. மேலே இருப்பது கீழே இருப்பதை அடித்து ஒழுங்கில் வைக்கின்றது. எந்தச் சாஸ்திரத்தைப் படித்து அவை இப்படிச் செய்கின்றன? இது இயற்கை. இயற்கைக்கு விரோதமாய்ச் சம்பந்தம் செய்கிறவர்கள் குலம் எப்படி விளங்கும்?"

மறுநாள் காலையில் பெண்ணின் தகப்பனார் நமது தோழரைக் கூப்பிட்டு, "மனு சொன்னான் என்றால் மனுவைத் தூக்கி எறிந்துவிடுவேன், தம்பி. இயற்கை என்கிறாரே, அதை எங்கே எறிவது? கொஞ்ச நாள் பொறுத்துப் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டாராம். பெண் அழுதுகொண்டிருப்பதாகவும், இதற்குத் தக்க பதில் எழுத வேண்டும் என்பதாகவும் தோழர் கேட்கின்றார்.

பெரியவர்மீது நமக்குக் கோபம் இல்லை. கடவுள் பேரைச் சொல்லி ஏய்க்க முடியாத ஒரு மனிதரை, விஞ்ஞானத்தின் பேரைச் சொல்லி ஏய்த்துவிட்டார்கள் என்பதுதான் இதில் உள்ள சங்கதி. முன்பெல்லாம் "வேதம் சொல்லுகிறது, வாயை மூடு" என்றார்கள். வேதத்துக்கு மரியாதை குறைந்து போன ஊர்களில் இப்போது "இயற்கை சொல்லுகிறது, வாயை மூடு" என்கின்றார்கள். ஆள் அதே ஆள். சரக்கும் அதே சரக்கு. மேலே ஒட்டியிருக்கும் சீட்டு மாத்திரம் புதிது. ஆகையால் இந்தச் சரக்கைப் பிரித்துப் பார்ப்பது நமது கடமையாகும்.

புழு குளவியான கதை

முதலில் ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். அதே பிரசங்கியார் நான்காம் இரவு குரு பக்தியைப் பற்றிப் பேசும்போது, குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகிவிடுவது போல, குருவையே நினைத்துக்கொண்டிருக்கும் சீடனும் குருவாகிவிடுவான் என்றாராம். இது நம் நாட்டுப் பிரசங்கிகள் எல்லோரிடமும் உள்ள பழைய சரக்கு. நாம் கேட்கின்றோம்: வேறு ஜாதியான புழு, நினைத்த மாத்திரத்தில் குளவியாகிவிடலாமென்றால், மனிதனாகவே பிறந்த ஒருவன் பக்கத்துத் தெரு மனிதனுக்குச் சமமாக மாத்திரம் ஏன் ஆகக்கூடாது? மூன்றாம் இரவு பிறப்பு மாறாது. நான்காம் இரவு புழுவே மாறிவிடும். ஒரு வாரம் தங்கியிருந்தால் இன்னும் என்னென்ன மாறியிருக்குமோ தெரியவில்லை.

அந்தக் கதையாவது உண்மையா என்றால், அதுவும் இல்லை. நம் வீட்டுச் சுவரிலும் கதவு மூலையிலும் மண்ணால் கூடு கட்டும் குளவி கூட்டமாக வாழ்வதல்ல, தனியாக வாழ்வது. அது பச்சைப் புழுவையோ சிலந்தியையோ கொட்டி, சாகாமலும் அசையாமலும் செய்து, தூக்கிக்கொண்டு வந்து மண்கூட்டுக்குள் அடைத்து, அங்கே தன் முட்டையை இட்டு வாயை மூடிவிடுகின்றது. முட்டையில் இருந்து வரும் குளவிக் குஞ்சு அந்தப் புழுவைத் தின்று வளர்ந்து, கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகின்றது. பிரெஞ்சு நாட்டில் பள்ளி உபாத்தியாயராக இருந்த ழான் ஆன்ரி ஃபாப்ர் (1823 - 1915) என்பவர் இப்படிப்பட்ட குளவிகளை ஆயுள் முழுவதும் கூடவே உட்கார்ந்து பார்த்து எழுதி வைத்திருக்கின்றார். ஆகவே புழு குளவியாகவில்லை. புழு குளவிக்குச் சாப்பாடாயிற்று. குருவுக்கும் சீடனுக்கும் இதைவிடப் பொருத்தமான உவமை வேறொன்று கிடைக்காது என்பதை நாமும் ஒப்புக்கொள்கின்றோம்.

பிறப்பு என்னும் புரட்டு

இனி, மூன்றாம் இரவுப் பேச்சை எடுத்துக்கொள்வோம். அதில் மூன்று சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று, ராணியும் வேலைக்காரியும் பிறப்பாலே வேறு என்பது. இரண்டு, குளவி பிறப்பை மோந்து அந்நியரை விலக்குகின்றது என்பது. மூன்று, மேலே இருப்பது அடித்து ஆளுகின்றது என்பது.

இறவாணத்தில் தொங்கும் கூடு என்று அவர் சொன்னது மண்கூட்டை அல்ல. மரநாரைக் கடித்து, எச்சிலோடு மென்று, காகிதம் போலத் தட்டி, அறை அறையாகக் கட்டித் தொங்கவிடும் கூடு அது. நமது தென்னாட்டில் சாதாரணமாகக் காணப்படும் அப்படிப்பட்ட குளவிகளில் ஒன்றுக்கு ரோபாலிடியா மார்ஜினேட்டா என்று விஞ்ஞானிகள் பெயரிட்டிருக்கின்றார்கள். இதைப் பெங்களூரில் உள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ராகவேந்திர கடக்கர் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் பல பத்து வருஷங்களாக, ஒவ்வொரு குளவியின் முதுகிலும் வர்ணப் புள்ளி வைத்து அடையாளம் செய்து, இரவு பகலாய்ப் பார்த்து, 2001ஆம் ஆண்டில் பெரிய புஸ்தகமாகவும் வெளியிட்டிருக்கின்றார்கள். ஆகவே குளவி என்ன செய்கின்றது என்பதற்கு நாம் கதா பிரசங்கத்தை எதிர்பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் இல்லை.

அவர்கள் கண்டதென்ன? இந்தக் குளவியில் ராணி என்பதற்கும் வேலைக்காரி என்பதற்கும் உருவத்தில் யாதொரு வித்தியாசமும் இல்லை. பார்த்து இன்னது ராணி என்று சொல்ல முடியாது. முட்டையிடுகிறதா என்பதைக் கொண்டுதான் சொல்ல வேண்டும். ராணியை எடுத்துவிட்டால், நேற்று வரைக்கும் புழுவுக்கு இரை கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்த வேலைக்காரிகளில் ஒன்று ராணியாகிவிடுகின்றது. ஏறக்குறைய ஒரு வாரத்தில் முட்டையும் இட ஆரம்பித்துவிடுகின்றது. அதற்கு யாரும் பட்டாபிஷேகம் செய்யவில்லை, பூணூல் போடவுமில்லை.

பிறந்தவுடன் குளவிகளைத் தனித்தனியே பிரித்து வைத்து உணவு கொடுத்துப் பார்த்ததில், ஏறக்குறைய பாதி முட்டையிட்டன. மற்றப் பாதி இடவில்லை. "ஆகா, இதுதான் பிறவி வித்தியாசம்!" என்று பிரசங்கியார் குதிக்கலாம். குதிப்பதற்கு முன் அடுத்த வரியையும் படிக்க வேண்டும். இந்த வித்தியாசம் எதனால் என்று ஆராய்ந்து 1991இல் வெளியிட்டதில், புழுவாக இருந்தபோது கிடைத்த தீனிக்கு இதில் பெரும் பங்கு உண்டு என்று தெரியவந்தது. அதாவது ரத்தத்தின் பெருமை அல்ல, சோற்றின் பெருமை! தேனீயிலும் இப்படியே, ஒரே மாதிரி முட்டையில் இருந்துதான் ராணியும் வேலைக்காரியும் வருகின்றன, எந்தத் தீனி கொடுத்து வளர்த்தார்கள் என்பதே இரண்டையும் பிரிக்கின்றது. தலைமுறை தலைமுறையாய் ஒரு கூட்டத்துக்கு நெய்யும் பருப்பும் பள்ளிக்கூடமும், மற்றொரு கூட்டத்துக்குக் கஞ்சியும் வசவும் கொடுத்துவிட்டு, பிறகு "பார்த்தாயா பிறவிப் புத்தி" என்று சொல்லுகிறவர்களுக்கு இதில் பாடம் இருக்கின்றது.

இன்னும் ஒன்று. கூட்டில் உள்ள வேலைகளையும் அவை பிறப்புக்கு ஒரு வேலை என்று பங்கு போட்டுக்கொள்ளவில்லை. சின்ன வயதில் புழுக்களுக்கு ஊட்டும் வேலை. பிறகு கூடு கட்டும் வேலை. பிறகு வெளியே போய் நார் கொண்டுவரும் வேலை. கடைசியில் இரை கொண்டுவரும் வேலை. பொதுவாக வயதேற ஏற ஒரே குளவி எல்லா வேலையையும் செய்கின்றது. மலம் அள்ளுவதற்கென்று ஒரு குளவியும், மணி ஆட்டுவதற்கென்று ஒரு குளவியும் அங்கே பிறப்பதில்லை.

ஆனால் இவ்வளவு ஆராய்ச்சிகூட வேண்டியதில்லை. பிரசங்கியார் ஒரு சிறு கேள்விக்குப் பதில் சொல்லட்டும். கூட்டில் உள்ள வேலைக்காரிகள் யார் பெற்ற பிள்ளைகள்? பெரும்பாலும் அதே ராணி பெற்ற பிள்ளைகள்! ராணியாக இருந்தது ஒழிந்தால் அடுத்தது யார்? அந்த வேலைக்காரிகளில் ஒருத்தி! ராணியும் வேலைக்காரியும் உருவத்தில் வேறுபட்டிருக்கும் கதண்டு முதலியவற்றிலும்கூட, ராணி பெற்ற மகள்தான் வேலைக்காரி. வேலைக்காரியின் தங்கைதான் அடுத்த ராணி. தகப்பன் மேல்ஜாதியாய் இருந்தால் பிள்ளையும் மேல்ஜாதி, தகப்பன் கீழ்ஜாதியாய் இருந்தால் ஏழு தலைமுறைக்கும் கீழ்ஜாதி என்னும் அக்கிரமத்துக்கு இதில் எங்கே இடம் இருக்கின்றது? ஒரு குடும்பத்துத் தாயையும் மகள்களையும் காட்டி, "இதோ பார் நான்கு வருணம்" என்று சொல்லுவது நாணயமான மனிதர் செய்கிற காரியமா என்று கேட்கின்றோம்.

"ராணி" என்ற பேரே நாம் வைத்ததுதான். தேன் கூட்டில் உள்ள பெரிய ஈயைப் பழங்காலத்தார் "ராஜா" என்றார்கள். கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டிலும் அப்படியே எழுதினார். ஆளுவது ஆணாகத்தானே இருக்க வேண்டும் என்ற எண்ணம்! 1609இல் சார்லஸ் பட்லர் என்ற ஆங்கிலேயர் அது பெண் என்று புஸ்தகம் எழுதினார். பிறகு அதே நூற்றாண்டில் ஸ்வாமர்டாம் என்ற டச்சுக்காரர் அறுத்துப் பார்த்து, உள்ளே சினைப்பை இருப்பதைக் கண்டார். மனிதன் தன் ஊரில் உள்ள அநீதியைப் பூச்சியின் தலையில் ஏற்றிவிட்டு, பிறகு பூச்சியே சாட்சி சொல்லுவதாகச் சொல்லிக்கொள்ளும் வழக்கம் எவ்வளவு பழையது என்பது இதனால் விளங்கும்.

குளவி மோந்து பார்ப்பது எதை?

இரண்டாவது, குளவி பிறப்பை மோந்து விலக்குகின்றது என்பது. அந்நியக் குளவியைக் கூட்டில் உள்ளவை வாசனையால் கண்டுபிடிக்கின்றன என்பதும், கடித்துத் துரத்துகின்றன என்பதும் உண்மைதான். இதை நாம் மறைக்கப் போவதில்லை. ஆனால் அந்த வாசனை எங்கே இருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

பெங்களூர்க்காரர்கள் இதையும் சோதித்து 1988இல் வெளியிட்டிருக்கின்றார்கள். வெளிவந்தவுடன் சில குளவிகளைக் கூட்டிலிருந்தும் கூடப்பிறந்தவைகளிலிருந்தும் பிரித்துத் தனியே வைத்தார்கள். வேறு சிலவற்றைக் கூட்டோடும் கூட்டாளிகளோடும் சில நாள் பழக விட்டார்கள். பிறகு சந்திக்க வைத்துப் பார்த்தால், பழகிய குளவிகள் தம் கூட்டார் யார், அந்நியர் யார் என்று பிரித்து அறிந்தன. தனியே வைத்த குளவிகளுக்கு அந்த வித்தியாசமே தெரியவில்லை. ஆகவே "நம்மவர்" என்று காட்டும் வாசனையும், அதைக் கண்டுகொள்ளும் அறிவும் வயிற்றிலிருந்து கொண்டுவந்தவை அல்ல. பிறந்த பிறகு கூட்டிலும் கூட்டாளிகளிடத்திலும் பெற்றவை. அமெரிக்காவிலுள்ள போலிஸ்டிஸ் என்ற காகிதக் குளவிகளிடத்தில் இதற்கு முன்னமே செய்த சோதனைகளும் ஏறக்குறைய இதையே சொல்லுகின்றன.

இன்னும் மேலே போய், ஒரு கூட்டில் பிறந்த இளங்குளவியை எடுத்து, யாதொரு உறவும் இல்லாத வேறு கூட்டில் விட்டுப் பார்த்தார்கள். வயது சென்ற குளவிகளை அந்தக் கூட்டார் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் பிறந்து சில நாளே ஆன இளங்குளவிகளை ஏற்றுக்கொண்டார்கள். அப்படி வந்து சேர்ந்த குளவிகள் அங்கே சொந்தப் பிள்ளை போல வளர்ந்து, இரை தேடும் வேலை முதல் எல்லா வேலையும் செய்தன. சில சமயம் அந்தக் கூட்டுக்கே ராணியாகவும் ஆகிவிட்டன. வந்தேறிக்குப் பட்டம்! நமது ஊர்களில் என்ன நடக்கின்றது? நாலு தலைமுறையாய் ஒரே ஊரில், ஒரே தண்ணீரைக் குடித்து, ஒரே பாஷையைப் பேசி வாழ்கிற மனிதனை, இவன் தகப்பன் யார், பாட்டன் யார் என்று தோண்டிப் பார்த்து, திண்ணையில் ஏறாதே என்கின்றோம். பச்சைக் குழந்தையைத் தொட்டிலில் கிடக்கும்போதே தள்ளிவைக்கின்றோம். 1950ஆம் ஆண்டு முதல் நாட்டின் அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்துவிட்டதாகச் சொல்லியும், வேறு ஜாதியில் மணம் செய்துகொண்ட பிள்ளைகளைப் பெற்றவர்களே வெட்டிச் சாய்க்கும் செய்தி பத்திரிகைகளில் வந்துகொண்டுதான் இருக்கின்றது. இதற்குக் குளவியைச் சாட்சிக்கு அழைத்தால், குளவி மானநஷ்ட வழக்குப் போடும்!

முகத்தைப் பார்க்கும் குளவி

இதைவிட அதிசயமான சங்கதி ஒன்று உண்டு. வட அமெரிக்காவில் போலிஸ்டிஸ் ஃபஸ்கேட்டஸ் என்று ஒரு காகிதக் குளவி இருக்கின்றது. இதில் ஒவ்வொரு குளவியின் முகத்திலும் மஞ்சளும் பழுப்பும் கருப்புமாய் வெவ்வேறு கோடுகள் உண்டு. எலிசபெத் டிபெட்ஸ் என்ற பெண் விஞ்ஞானி, சில குளவிகளின் முகக் கோடுகளை வர்ணத்தால் மாற்றிவிட்டு மறுபடியும் அதனதன் கூட்டில் விட்டார். வாசனை மாறவில்லை, முகம் மாத்திரம் மாறிற்று. கூட்டார் அவற்றை வழக்கத்துக்கு அதிகமாய்க் கடித்தார்கள், மோதினார்கள். பூசியது தெரியாதபடி, முகம் மாறாமலே வர்ணம் தடவிய குளவிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. கொஞ்ச நேரம் போனதும் புது முகமும் பழகிவிட்டது, சண்டையும் அடங்கிவிட்டது. இது 2002இல் வெளியாயிற்று. ஒரு முறை சந்தித்த குளவியை, இடையில் வேறு பல குளவிகளோடு பழகியும், ஒரு வாரம் கழித்து மறுபடியும் அடையாளம் கண்டுகொள்ளுகின்றது என்பதும், பழகிய முகத்தோடு சண்டை குறைவு என்பதும் 2008இல் தெரியவந்தன. கம்பளிப்புழுப் படத்தையும் கொம்பில்லாத முகப் படத்தையும் கற்றுக்கொள்வதைவிடச் சரியான குளவி முகத்தைச் சீக்கிரமாகக் கற்றுக்கொள்ளுகின்றது என்பது 2011இல் தெரியவந்தது.

ஆனால் நாம் முக்கியமாய்ச் சொல்ல வந்தது 2019இல் வெளியான சோதனையை. பிறந்தது முதல் மற்றக் குளவிகளோடு சேரவிடாமல் தனியே வளர்த்த குளவிகளுக்கு இந்த முகம் அறியும் சக்தி வரவில்லை! கண் இருக்கின்றது, மூளை இருக்கின்றது. ஆனால் பழகாததால் ஒரு முகத்துக்கும் மறு முகத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

தோழர்களே! இந்த ஒரு சங்கதியை மாத்திரம் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஊரில் ஒரு தெரு, சேரி என்று ஒரு தெரு. தனிக் கிணறு, தனிச் சுடுகாடு, தனி டம்ளர் என்று பிரித்து வைத்து வளர்த்தால், அங்கே வளர்கிறவனுக்கு அடுத்த தெரு மனிதனின் முகம் எப்படித் தெரியும்? அவனுக்குத் தெரிவது ஜாதி ஒன்றுதான். "யார் வந்தது?" என்று கேட்டால் பேரைச் சொல்ல மாட்டான், ஜாதியைச் சொல்லுவான். கடுகளவு மூளையுள்ள குளவி, முன்னால் நிற்கும் குளவியின் முகத்தைப் பார்த்து, "இது இன்ன குளவி, இதனிடம் முன்பு பழகியிருக்கிறேன்" என்று அறிந்து நடக்கின்றது. பகுத்தறிவு உள்ளவன் என்று மார்தட்டிக்கொள்ளும் மனிதன், முன்னால் நிற்கிறவன் முகத்தைப் பார்க்கு முன்னே அவன் பாட்டனாரின் தொழிலை விசாரிக்கின்றான். யார் பூச்சி, யார் மனிதன்?

அடித்து ஆளும் நியாயம்

மூன்றாவது, மேலே இருப்பது கீழே இருப்பதை அடித்து ஒழுங்கில் வைக்கின்றது என்பது. காகிதக் குளவிகளுக்குள் ஒன்றை ஒன்று துரத்துவதும், கடிப்பதும், மேலே ஏறிக் குந்துவதும் உண்டு. அதனால் ஒரு மேல் கீழ் வரிசை ஏற்படுகின்றது என்று இத்தாலி நாட்டு லியோ பார்டி என்பவர் 1940களிலேயே கண்டு எழுதினார். அது உண்மை. ஆனால் அவர் கண்ட வரிசை என்றைக்கும் மாறாத வரிசை அல்ல. மேலே உள்ளது போனால் அடுத்தது ஏறுகின்றது. அது நின்ற இடத்தின் வரிசையே ஒழியப் பிறந்த இடத்தின் வரிசை அல்ல.

நமது தென்னாட்டுக் குளவியோ இதிலும் பிரசங்கியாரை ஏமாற்றிவிட்டது. அந்தக் கூட்டில் ராணிதான் பரம சாது! யாரையும் அடிப்பதில்லை, துரத்துவதில்லை. சண்டை போடுகிறவர்கள் எல்லாம் வேறு. அதன் உடம்பில் சுரக்கும் ஒரு வாசனைப் பொருளே அது இருப்பதை மற்றவைகளுக்கு அறிவிக்கின்றது. ராணியை எடுத்துவிட்டால் சில நிமிஷங்களில் ஒரு வேலைக்காரி மிகுந்த மூர்க்கத்தோடு மற்றவற்றைத் துரத்த ஆரம்பிக்கின்றது. ராணியைத் திருப்பி வைத்துவிட்டால் அது பழையபடி வேலைக்குப் போய்விடுகின்றது. திருப்பி வைக்காவிட்டால் அதுவே ராணியாகி, நாளாக ஆக அதன் மூர்க்கமும் அடங்கிச் சாதுவாகிவிடுகின்றது. ஆகவே அங்கே அடிப்பது இடம் உறுதிப்படாதவரின் பதற்றமே தவிர, பெரிய இடத்தின் லட்சணம் அல்ல. ஜாதிப் பெருமை பேசி அரிவாள் தூக்குகிறவர்கள் தங்களைச் சிங்கம் என்று எண்ணிக்கொள்கின்றார்கள். தங்கள் மேன்மை நிலைக்காது என்ற பயம்தான் அவர்களை அரிவாள் தூக்க வைக்கின்றது என்பதே நமது அபிப்பிராயம்.

நெற்றியில் குறி போட்டுக்கொண்டு பெருமை அடிக்கிறவர்களுக்கும் இங்கே ஒரு சங்கதி இருக்கின்றது. போலிஸ்டிஸ் டொமினுலா என்ற குளவியின் முகத்தில் உள்ள கருப்புப் புள்ளிகள் அதன் பலத்தைக் காட்டும் அடையாளம் என்று அமெரிக்காவில் 2004இல் கண்டார்கள். பலமில்லாத குளவியின் முகத்தில் பலசாலியின் புள்ளியை வரைந்து விட்டதில், மற்றக் குளவிகள் அதற்குக் கும்பிடு போடவில்லை. நடத்தைக்கும் குறிக்கும் பொருத்தம் இல்லாதது கண்டு அதிகமாய்த்தான் அடித்தன. ஸ்பெயின் நாட்டில் இதே குளவியைப் பார்த்த வேறு சிலர், அங்கே அந்தப் புள்ளிக்கு அப்படிப்பட்ட மதிப்பு ஒன்றும் காணோம் என்று மறுத்தும் எழுதியிருக்கின்றார்கள். மறுப்பையும் சேர்த்தே சொல்லுகின்றோம். விஞ்ஞானத்தில் மறுத்தவனுக்கு நரகம் இல்லை. மறுபடியும் பார்ப்போம் என்பதுதான் உண்டு. சாஸ்திரத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுவே.

குளவி நமக்குக் குருவா?

நிற்க. இவ்வளவும் சொன்ன பிறகு, இதையெல்லாம்விட முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நாமும் பிரசங்கியார் வேலையைச் செய்தவர்களாவோம். ஒரு பேச்சுக்காக, பிரசங்கியார் சொன்னதெல்லாம் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். குளவிக்குப் பிறவி ஜாதி இருக்கிறதென்றே வைத்துக்கொள்வோம். அதனால் என்ன? குளவி செய்வதை மனிதன் செய்ய வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்கள்?

குளவிக் கூட்டில் அந்நியக் குளவியைக் கடித்துக் கொன்று போடுவதும் உண்டு. ஒன்றின் முட்டையை மற்றொன்று தின்றுவிடுவதும் உண்டு. ஆண் குளவி கூட்டு வேலையில் அநேகமாய் ஒன்றுமே செய்யாமல் தின்றுகொண்டிருந்துவிட்டுப் பறந்து போவதும் உண்டு. இந்தக் கடைசி ஒன்றை மாத்திரம் சில பிரசங்கிகள் ஒழுங்காகப் பின்பற்றுகின்றார்கள். இயற்கைதான் வேதம் என்றால், பிரசங்கியார் வேட்டி எதற்கு? மூக்குக் கண்ணாடி எதற்கு? ஒலிபெருக்கி எதற்கு? ஜுரம் வந்தால் டாக்டர் எதற்கு? அம்மை இயற்கை, அம்மை குத்துவது மனித அறிவு. 1980இல் உலகத்தைவிட்டே பெரியம்மை ஒழிந்தது என்று அறிவித்தார்களே, அது இயற்கைக்குக் கீழ்ப்படிந்ததனாலா, எதிர்த்து நின்றதனாலா?

நமது மேடைகளில் பேசும் தோழர்களில் சிலரும் "எறும்பைப் பார், தேனீயைப் பார், அங்கே ஜாதி உண்டா?" என்று பேசுவதை நாம் கேட்டிருக்கின்றோம். நாமே பேசியும் இருக்கின்றோம். அது தப்பு. பூச்சியைக் காட்டிச் சமத்துவம் பேசினால், நாளைக்கு வேறொரு பூச்சியைக் காட்டி அவன் அடிமைத்தனம் பேசுவான். பூச்சிகளில் எதற்குத்தான் உதாரணம் கிடைக்காது? மனிதனுக்கு மனிதன் சமம் என்பதற்குக் குளவியின் சிபாரிசுக் கடிதம் தேவையில்லை. அவனுக்கு வலிப்பது போலவே இவனுக்கும் வலிக்கின்றது. அவனுக்கு மானம் இருப்பது போலவே இவனுக்கும் மானம் இருக்கின்றது என்ற ஒரு காரணமே போதும். குளவியைப் பற்றி நாம் இவ்வளவு எழுதியது, அதைக் குருவாக்க அல்ல. அதன் பேரால் சொன்ன பொய்யை உடைக்கவே என்பதை வாசகர்கள் மறக்கக்கூடாது.

பெரியவருக்கு

கடைசியாக, அந்தப் பெண்ணின் தகப்பனாருக்கு ஒரு வார்த்தை. அய்யா, தாங்கள் "இயற்கை என்கிறாரே, அதை எங்கே எறிவது?" என்று கேட்டீர்கள். எறிய வேண்டியதில்லை. நன்றாய்ப் பாருங்கள் என்றுதான் சொல்லுகின்றோம். தங்கள் வீட்டு இறவாணத்தில் கூடு இருந்தால், பத்தடி தள்ளி ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து தாங்களே பாருங்கள். பிரசங்கியார் சொன்னபடி இருக்கிறதா, இந்தப் பத்திரிகை சொன்னபடி இருக்கிறதா என்று தாங்களே முடிவு செய்யுங்கள். நாம் சொன்னோம் என்பதற்காக நம்ப வேண்டாம்.

பார்த்து முடிந்ததும் எழுந்து உள்ளே போய்த் தங்கள் மகளின் முகத்தைப் பாருங்கள். பிறகு அந்த வாலிபரின் முகத்தையும் பாருங்கள். அவர் ஒழுங்கானவரா, உழைப்பவரா, தங்கள் மகளை மதிப்பவரா என்று விசாரியுங்கள். விசாரிக்க வேண்டியது தகப்பனாரின் கடமை. அந்த விசாரணையில் அவர் தேறிவிட்டால், அவர் பாட்டன் எந்தத் தெருவில் குடியிருந்தார் என்ற கேள்விக்கு வேலையே இல்லை. புரோகிதரும் வேண்டாம், நெருப்பும் புகையும் வேண்டாம். நண்பர்கள் முன்னால் மாலை மாற்றிக்கொண்டால் அந்தத் திருமணம் செல்லும் என்று 1967ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் செய்தாய்விட்டது. சட்டம் வழி விட்டிருக்கின்றது, விஞ்ஞானம் குறுக்கே நிற்கவில்லை, குளவியும் ஆட்சேபிக்கவில்லை. பாக்கி இருப்பது தங்கள் வாய்ச்சொல் ஒன்றுதான்.

குறித்த நாள் இன்னும் கடந்து போகவில்லை என்று தோழர் எழுதி இருக்கின்றார். அந்தத் திருமணத்துக்கு நாமும் வருவதாக இருக்கின்றோம்.